"செய்யலாம்" என்பது வேறு, "செய்ய வேண்டும்" என்பது வேறு
பிரதேச சபைச் சட்டம் பற்றி ஒரு பாடம்



தோட்டத்துப் பாதை உடைந்து கிடக்கிறது. தோட்டத்துக் காரியாலயத்தில் போய்க் கேட்டால் "அது கவுன்சில் வேலை" என்கிறார்கள். கவுன்சிலுக்குப் போனால் "அது தோட்டத்துக் காணி, நாங்க கை வைக்க முடியாது" என்கிறார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் வருஷங்கள் போய்விடுகின்றன. மழை நாளில் பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போவது மட்டும் நிற்கவில்லை.

இந்த இதழில் பிரதேச சபைச் சட்டத்தைப் பற்றிப் படிப்போம். சட்டம் என்றதும் "அது படிச்சவங்க வேலை" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். முழுச் சட்டத்தையும் நாம் படிக்கப் போவதில்லை. நமக்கு மிகவும் வேண்டிய சில பிரிவுகளையும், அவற்றைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்பதையும் மட்டும் பார்ப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதை வாசித்துக் காட்டவும்.

1. சபை எது? செயலகம் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச செயலகம் என்பது அரசாங்கக் காரியாலயம். அங்கே இருப்பவர் பிரதேச செயலாளர். அவர் நியமிக்கப்பட்டவர். பிறப்புச் சான்றிதழ், கொடுப்பனவு, காணி விஷயங்களுக்கு அங்கே போகிறோம். கிராம உத்தியோகத்தர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்.

பிரதேச சபை என்பது நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. அதன் தலைவர் தவிசாளர். நம்ம வட்டாரத்து மெம்பர் உட்கார்வதும் இங்கேதான். சபைக்கும் ஒரு செயலாளர் உண்டு. அவர் உத்தியோகத்தர். கோவைகளும் கணக்குகளும் அவர் பொறுப்பில் இருக்கும். இரண்டு இடத்திலும் "செயலாளர்" என்ற பெயர் வருவதால்தான் பலர் ஒரு இடத்துக் கடிதத்தை மற்ற இடத்தில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கிறார்கள்.

ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை போன்ற நகரப் பகுதிகளில் நகர சபை உண்டு. நுவரெலியா நகரில் மாநகர சபை உண்டு. அவற்றுக்குச் சட்டம் வேறு. மலைநாட்டுத் தோட்டங்கள் பெரும்பாலும் பிரதேச சபை எல்லைக்குள்தான் வருகின்றன.

எதற்கு எந்த வாசல் என்று இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்:

- குப்பை, தெரு விளக்கு, சபைப் பாதை, பொதுக் கிணறு, பொது மயானம், சந்தை, நூலகம்: பிரதேச சபை.
- ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 போன்ற பிரதான வீதி: வீதி அபிவிருத்தி அதிகாரசபை.
- ஊழியர் சேமலாப நிதி, சம்பளப் பிரச்சினை: தொழில் திணைக்களம்.
- பாடசாலை ஆசிரியர் குறை: வலயக் கல்விக் காரியாலயம்.
- லயத்துக் கூரை ஒழுகுவது: முதலில் தோட்ட நிர்வாகம்.

2. சபை வாசல் நமக்கு எப்போது திறந்தது?

1930களில் கிராமச் சபைத் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டபோது தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளர்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். வாக்கு இல்லாதவனுக்குச் சபையில் மெம்பரும் இல்லை, கேட்கும் வாயும் இல்லை.

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு முதல் தேர்தல் 1991 இல் நடந்தது. நாடற்றிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 1988 இலும் 2003 இலும் சட்டங்கள் வந்தன. ஆகவே வாக்கு கிடைத்தது.

ஆனால் வாக்கு கிடைத்த பின்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மெம்பர் வருவார், போவார். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று 33 ஆம் பிரிவைக் காட்டி மறுத்தார்கள். அந்தப் பிரிவு 2018 இல் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. அதே காலத்தில் சபைகளும் பெருகின. சுமார் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு சபை என்று இருந்த அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டும் பிரிக்கப்பட்டன. அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகள் ஆயின.

3. முக்கியமான இரண்டு பிரிவுகள்

சட்டத்தின் 3 ஆம் பிரிவு பிரதேச சபை எதற்காக இருக்கிறது என்று சொல்கிறது. தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைக் கவனிப்பதும், அங்கே வாழும் மக்களின் வசதியையும் நலனையும் பாதுகாத்து வளர்ப்பதும் சபையின் பொறுப்பு என்பது அதன் சாரம். "மக்கள்" என்றால் எல்லைக்குள் இருக்கும் எல்லா மக்களும்தான். கிராமத்து மக்கள் என்றோ டவுன் மக்கள் என்றோ அங்கே பிரிக்கப்படவில்லை.

33 ஆம் பிரிவின் 2018 திருத்தத்தின் சாரம் இது: தோட்டத்துக்குப் பொறுப்பானவர்களோடு கலந்து பேசி, தோட்டத்தில் குடியிருப்போருக்கு வேண்டிய பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். "செய்து கொடுக்கலாம்". சட்டத்தில் "வேண்டும்" என்று வந்தால் அது கடமை. "லாம்" என்று வந்தால் அது அதிகாரம். அதிகாரம் இருப்பவர் அதைப் பாவிக்கவும் செய்யலாம், பாவிக்காமல் சும்மா இருக்கவும் செய்யலாம்.

"சட்டம் மாறிடுச்சு, இனிமே எல்லாம் வந்துடும்" என்று நம் தோட்டங்களில் பலர் நினைத்தார்கள். சட்டம் தடையைத்தான் எடுத்தது. பாதையைப் போட்டுத் தரவில்லை. யாராவது கேட்டு, யாராவது முன்மொழிந்து, சபை தீர்மானித்து, வரவு செலவுத் திட்டத்தில் தொகை எழுதினால்தான் "லாம்" என்பது கொங்கிரீட்டாக மாறும். கேட்கும்போது இரண்டு பிரிவுகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 3 ஆம் பிரிவு சபையின் பொறுப்பைச் சொல்கிறது. 33 ஆம் பிரிவு அந்தப் பொறுப்பைத் தோட்டத்துக்குள் நிறைவேற்ற வழி விடுகிறது. இரண்டையும் எழுதிக் கொடுத்தால் "சட்டத்தில் இடமில்லை" என்ற பதிலைச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். "கலந்து பேசி" என்ற சொல்லும் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே தோட்ட நிர்வாகத்தைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. பெரிய துரையிடமிருந்து "இந்தப் பாதையில் சபை வேலை செய்வதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்தக் கடிதம் இல்லாததாலேயே திரும்பி வந்த மனுக்கள் எத்தனையோ.

4. ஒரு டிவிசனில் நடந்தது

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு டிவிசன். பெயர் வேண்டாம். பெக்டரி ரோட்டிலிருந்து பணிய லயத்துக்கு இறங்கும் பாதை சுமார் 600 மீற்றர். நடுவில் ஒரு ஓடை. மதகு உடைந்து, அம்புலன்ஸ் மேலேயே நின்றுவிடும்.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. பல வருஷமாக மனுக் கொடுத்தார்கள். ஒன்று தேர்தல் மேடையில் ஒருவர் கையில் போனது. ஒன்று பிரதேச செயலகத்துக்குப் போனது. இன்னொன்றில் பாதை, கோவில் மண்டபம், விளையாட்டு மைதானம், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கோரிக்கை இருந்தது. எதற்கும் பதில் இல்லை. எந்த மனுவுக்கும் பிரதியும் இல்லை.

2019 இல் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரே ஒரு கோரிக்கையோடு உட்கார்ந்தார்கள். பாதை மட்டும். இளைஞர்கள் கயிறு பிடித்து நீளத்தை அளந்தார்கள். எத்தனை குடும்பம், எத்தனை பாடசாலைப் பிள்ளை என்று எண்ணி எழுதினார்கள். தோட்ட நிர்வாகத்திடம் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வாங்கினார்கள். வட்டாரத்து மெம்பரிடம் போய், "அண்ணே, இதை நீங்க பிரேரணையாகக் கொண்டு வரணும்" என்றார்கள். அவர் முன்மொழிந்தார். வேறு கட்சி மெம்பர் ஒருவர் வழிமொழிந்தார். தீர்மானம் கூட்டறிக்கையில் ஏறியது. அடுத்த வருஷ வரவு செலவில் மதகுக்கும் முதல் 150 மீற்றருக்கும் தொகை ஒதுக்கப்பட்டது. அந்த வேலை முடிந்தது. மிச்சம் அப்படியே நின்றது.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து ஜூன் மாதம் புதிய சபைகள் வரும்வரை, இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட மெம்பர் யாரும் இல்லை. உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினார்கள். பழைய மெம்பர் வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் தீர்மானம் கூட்டறிக்கையில் இருந்தது. அதன் திகதியும் இலக்கமும் மாதர் சங்கத்துக் கொப்பியில் இருந்தன. புதிய சபை வந்ததும், "இன்ன திகதியில் இதே சபை எடுத்த தீர்மானத்தில் மிச்சமிருக்கும் 450 மீற்றரை முடித்துத் தாருங்கள்" என்று கடிதம் கொடுத்தார்கள். புதிய தவிசாளர் அந்தக் கட்சியும் இல்லை, அந்த ஊரும் இல்லை. இருந்தாலும் சபையின் சொந்தத் தீர்மானத்தைத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அது மறுபடியும் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏறியிருக்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை. அவர்களும் விடவில்லை.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது: மெம்பர் சொன்ன வாக்கு மெம்பரோடு போய்விடும். சபை எடுத்த தீர்மானம் சபையோடு இருக்கும்.

5. கடிதம் எழுதும் முறை

தவிசாளருக்கு எழுதி, பிரதியைச் சபைச் செயலாளருக்கும் வட்டார மெம்பருக்கும் கொடுக்கவும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த மாதிரியைப் பார்த்து எழுதலாம்:

"விடயம்: ............ தோட்டம், ............ டிவிசன், பணிய லயத்துப் பாதையைச் செப்பனிடல்.

மேற்படி பாதை ............ மீற்றர் நீளமானது. இதை ............ குடும்பங்கள் பாவிக்கின்றன. மழைக் காலத்தில் நோயாளர் வண்டி லயம்வரை வர முடியாதுள்ளது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படியும், 2018 இல் திருத்தப்பட்ட 33 ஆம் பிரிவின்படியும் இப்பாதையைச் செப்பனிடச் சபை தீர்மானம் நிறைவேற்றி, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எடுக்கும் நடவடிக்கையைத் தமிழில் எழுத்து மூலம் அறியத் தரவும்."

கீழே திகதி, பெயர்கள், கையொப்பங்கள், பதில் அனுப்ப வேண்டிய விலாசம். லயத்து விலாசத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்றால் சங்கக் காரியதரிசியின் விலாசத்தைப் போடவும்.

கவனிக்க வேண்டியவை:

- நேரில் கொடுத்தால் நம் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் வாங்கவும். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தவும்.
- சபை மாதம் ஒருமுறை கூடுகிறது. கூட்டத் திகதியைச் செயலாளர் காரியாலயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். கூட்டத்துக்கு முதல் நாள் மெம்பரைத் தேடி ஓடுவதில் பிரயோசனம் இல்லை. நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்பே தயாராகிவிடும்.
- அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டம் இந்த வருஷம் முடிவதற்குள் நிறைவேற வேண்டும். ஆகவே ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே கோரிக்கை உள்ளே போக வேண்டும். ஜனவரியில் கேட்டால் "இந்த வருஷம் காசு இல்லை" என்பதுதான் பதில். அது உண்மையாகவும் இருக்கும்.
- தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். அரச காரியாலயங்களோடு தமிழில் எழுதிப் பதில் பெற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தில் பல பிரிவுகளும் 1999 இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன.

6. பதில் வராவிட்டால்

சத்தம் போடுவதற்கு முன் இன்னொரு சட்டத்தைப் பாவிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையும் இதற்குக் கட்டுப்பட்டது. இந்த நாட்டுப் பிரஜை யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள உதவ வேண்டும். கவனியுங்கள், இங்கே இருப்பது "வேண்டும்".

கோபமாகக் கேட்பதைவிடத் திட்டமாகக் கேட்பது நல்லது. "ஏன் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் கேட்பது ஆகாது. இப்படிக் கேட்கவும்: "எங்கள் மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? அது எந்தக் கூட்டத்தில் சமர்ப்பிக்கப்பட்டது? அந்தக் கூட்டறிக்கையின் பிரதி வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு?"

14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ அதே சபையில் இதற்கென்று குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

7. சபைக்குள் நாமும் உட்காரலாம்

சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி சபை குழுக்களை அமைக்கலாம். நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் என்று குழுக்கள் உண்டு. இவற்றில் மெம்பர் அல்லாத ஊர் மக்களையும் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது. இது நம் ஆட்களில் அநேகருக்குத் தெரியாது. மாதர் சங்கத்திலிருந்தோ இளைஞர் கழகத்திலிருந்தோ ஒருவரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். இதுவும் "லாம்" வகைதான். கேட்காமல் வராது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2016 சட்டத் திருத்தத்தால் 2018 தேர்தல் முதல் சபைகளில் 25 சதவீத இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தண்ணீர் தூக்குவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் பாதையில் இறங்குவதும் நீங்கள்தான். பெண் மெம்பரிடம் போய்ப் பேசுங்கள். "தலைவர் போய்ப் பேசட்டும்" என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

8. நம் பக்கத்துக் கடமை

சபை தனக்கென்று துணைவிதிகளை ஆக்கிக்கொள்ளலாம். அவை அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வந்த பிறகே செல்லும். சாப்பாட்டுக் கடை, பேக்கரி போன்ற வியாபாரங்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். புதிய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்கள் பக்கத்தில் இன்னொரு அறை கட்டுவதற்கு முன் அனுமதி பற்றிச் சபையில் கேட்டுக்கொள்வது நல்லது. யாராவது "சட்டப்படி நீ காசு கட்டணும்" என்றால், எந்தத் துணைவிதி, எந்த வர்த்தமானி என்று மரியாதையாகக் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

"நாம வரி கட்டலையே, எப்படிக் கேக்கிறது?" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். பயிர்ச்செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. தேயிலைக் காணியும் பயிர்ச்செய்கைக் காணிதான். அந்தக் காணியில் கொழுந்து எடுப்பவர்கள் நாம். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பயிற்சி

மாதர் சங்கக் கூட்டத்திலோ கோவில் மண்டபத்திலோ கூடி இவற்றுக்கு விடை காணவும்:

1. நம் டிவிசன் எந்தச் சபையில், எந்த வட்டாரத்தில் இருக்கிறது? மெம்பர் யார்?
2. நம் பாதை யாருடையது? தோட்டத்துடையதா, சபையுடையதா, மாகாணத்துடையதா?
3. கடந்த ஐந்து வருஷத்தில் கொடுத்த மனுக்களில் எத்தனைக்குப் பிரதி கையில் இருக்கிறது?
4. சபை நமக்காக எடுத்த தீர்மானம் ஏதும் உண்டா? அதன் திகதி என்ன?
5. இந்த வருஷம் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால் எது?

ஐந்தாவது கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு விடைக்கு வாருங்கள். அதற்குக் கொஞ்சம் சண்டை வரும், வரட்டும். விடை கிடைத்ததும் ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் அந்தக் கோரிக்கையையும் இன்றைய திகதியையும் எழுதி வையுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் அந்தக் கொப்பியோடு வாருங்கள்.